சத்தமே இல்லாமல் வரும் ட்ரோன் படத்துக்கு ஒலியும் இசையும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதன்முறை ட்ரோன் பறக்கவிட்டு, மெமரி கார்டைக் கணினியில் செருகி, ஆவலோடு வீடியோவை ஓடவிடுபவர்கள் பலரும் அடுத்த நிமிடம் ஸ்பீக்கரின் ஒயரைச் சோதிப்பார்கள். ஸ்பீக்கரில் ஒரு குறையும் இருக்காது. பெரும்பாலான கேமரா ட்ரோன்களில் மைக்கே கிடையாது. கோப்பில் படம் மட்டும்தான் இருக்கும். ஒலிக்கான டிராக்கே இருக்காது.

மைக் வைக்காததற்குக் காரணம் உண்டு. நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும் இரண்டு இலை விசிறி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 சுற்று, சுற்றுக்கு இரண்டு முறை காற்றை வெட்டுகிறது. ஆக 200 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம். அதன் மேல் 400, 600, 800 என்று மடங்குகள் ஏறிக்கொண்டே போகும். இப்படி நான்கு விசிறிகள், அதுவும் காற்றைச் சமாளிக்க ஒவ்வொன்றும் சற்றே வேறு வேகத்தில். மனிதக் குரலும் இதே எல்லைக்குள்தான் இருக்கிறது. ஒன்றை வடிகட்டப் போனால் மற்றதும் சேர்ந்து போய்விடும்.

விதிவிலக்குகள் இரண்டு. கேமராவின் நேரடிப் படம் தெரியும் கண்ணாடி அணிந்து ஓட்டும் எஃப்பிவி ட்ரோன்களில் ஆக்‌ஷன் கேமரா பொருத்தியிருந்தால் அதில் ஒலி பதிவாகும். அந்த மோட்டார் அலறலை ரசிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. நீங்களும் அதில் ஒருவர் என்றால் அதைத் துடைத்தெறிய வேண்டாம். இன்னொன்று, சில ட்ரோன்களின் செயலியில் கைபேசியின் மைக் வழியாகப் பதிவுசெய்யும் வசதி. அதில் கேட்பது ட்ரோன் இருக்கும் இடத்தின் ஒலி அல்ல, நீங்கள் நிற்கும் இடத்தின் ஒலி. பறக்கவிட்டபடியே விளக்கம் சொல்வதற்கு அது உதவும்.

மற்றவர்கள் எல்லோரும் செய்வது, ஒரு பாட்டை எடுத்து முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை போர்த்திவிடுவது. நானும் அதைத்தான் செய்தேன். என் முதல் வீடியோ நான்கு நிமிடம். நான்கு நிமிடமும் முரசு அதிர்ந்துகொண்டே இருந்தது. ஏதோ படையெடுப்பு நடக்கப்போவது போல. திரையில் இருந்ததோ ஒரு ஏரி, இரண்டு கொக்குகள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தபோது அந்த ஏரியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் கரையில் மோதும் சத்தம்கூட இல்லாத ஏரி எந்த ஏரியாகவும் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பாதி தாண்டிய பிறகுதான் இசை வருகிறது.

பறக்கவிடும் இடத்திலேயே தொடங்கும் வேலை

வீட்டுக்கு வந்தபின் இணையத்தில் ஒலி தேடுவதைவிட, அந்த இடத்திலேயே இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பதிவுசெய்துகொள்வது எளிது. தனி ரெக்கார்டர் பிறகு வாங்கிக்கொள்ளலாம்; முதல் பத்து வீடியோக்களுக்குக் கைபேசியே போதும்.

ட்ரோனைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பறக்க ஆரம்பித்த பிறகு அதன் ரீங்காரம் எல்லாவற்றின் மீதும் ஏறிவிடும். இறங்கிய பிறகோ பேட்டரி மாற்றுவது, படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது என்று கவனம் போய்விடும். ஒலி மறந்தே போகும். கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு, கையில் பிடிக்காமல், பையின் மீதோ முக்காலியிலோ வைத்துவிட்டு நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். இரண்டு நிமிடம் தும்மாமல், சட்டை உரசாமல், கால் மாற்றாமல் நிற்பது சொல்வதைவிடக் கடினம். பழகிவிடும்.

பதிவு தொடங்கியதும் இடத்தையும் நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: “ஏரிக்கரை, காலை ஆறரை, லேசான காற்று.” ஆறு மாதம் கழித்து ‘புதிய பதிவு 47’ என்ற கோப்பைத் திறக்கும்போது அந்த மூன்று நொடிதான் உங்களைக் காப்பாற்றும்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு காலைப் பதிவில் தண்ணீர் இருந்தது, பறவைகள் இருந்தன. கூடவே சற்றே ஒழுங்கற்ற இடைவெளியில் ‘டிக்… டிக்…’ என்று ஏதோ ஒன்று. என்ன பூச்சி என்று வெகுநேரம் யோசித்தேன். பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வண்டியின் எஞ்சின், சூடு தணிந்து உலோகம் சுருங்கும் ஓசை. அங்கே நின்றபோது என் காது அதை வேண்டாதது என்று ஒதுக்கிவிட்டது. மைக்குக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. அன்றிலிருந்து ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அரை நிமிடம் கேட்டுப் பார்க்காமல் பதிவு பொத்தானை அழுத்துவதில்லை. ஆனால் ட்ரோன் மேலே இருக்கும்போது ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். மோட்டாரின் சுருதி மாறுவதையும் பின்னால் யாரோ வருவதையும் கண்ணுக்கு முன் காதுதான் சொல்லும்.

காற்று இன்னொரு எதிரி. மைக்கின் மீது அது நேராக மோதினால் ‘படபட’ என்று ஒரு உறுமல் பதிவாகும். அதை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. வெளி மைக் இருந்தால் உரோமம் வைத்த காற்றுத் தடுப்பு உறையை மாட்டுங்கள். கைபேசி என்றால் மரத்தின் மறைவிலோ, சுவரின் ஓரத்திலோ, மைக் உள்ள முனை காற்று அடிக்காத பக்கம் இருக்கும்படி வையுங்கள். இலைகள் சலசலக்கும் சத்தம் வேண்டும். காற்று மைக்கை அறையும் சத்தம் வேண்டாம்.

அமைப்புகளில் மாற்ற வேண்டியது அதிகம் இல்லை. வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இசைத் தட்டுகளுக்கு 44.1 என்று ஒரு வழக்கம் இருந்தாலும், வீடியோ உலகில் 48தான் வழக்கம். உரத்த சத்தம் வரும்போதும் அளவுமானி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியைப் பிறகு ஒட்ட முடியாது.

சூழல் ஒலி கிடைத்துவிட்டதா? இப்போது அருகில் போய்ச் சின்னச் சின்ன ஒலிகளைத் தனித்தனியாக எடுங்கள். கல்லில் தண்ணீர் மோதுவது, காய்ந்த சருகின் மேல் நடப்பது, படகின் துடுப்பு நீரில் இறங்குவது, ஒவ்வொன்றும் 20 நொடி போதும். கடைசியாக ட்ரோனின் சொந்தச் சத்தத்தையும் தரையிலிருந்து ஒருமுறை பதிவுசெய்யுங்கள்: எழும்புவது, தலைக்கு மேல் அல்லாமல் சற்றுத் தள்ளிக் கடந்து போவது, இறங்குவது. வீடியோவில் அது ஒன்றிரண்டு நொடிதான் தேவைப்படும். அந்த ஒன்றிரண்டு நொடி தேவைப்படும்போது வேறு எங்கும் கிடைக்காது.

படத்தை ஓடவிட்டு, காகிதத்தில் எழுதுங்கள்

எடிட்டிங் மென்பொருளில் ஒலி சேர்க்க ஆரம்பிக்கும் முன் படத்தை ஒருமுறை அமைதியாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே, இங்கே என்ன கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். திரையில் தெரிவதெல்லாம் கேட்க வேண்டும் என்று இல்லை. ஏரி, மரம், சாலை, தூரத்தில் ரயில், கரையில் மாடு என்று ஐந்தும் தெரிகிற ஷாட்டில் ஐந்தையும் கேட்கச் செய்தால் சந்தைக்கடை ஆகிவிடும். கண் எதைப் பின்தொடர்கிறதோ அதற்கு ஓர் ஒலி, அடியில் ஒரு சூழல் ஒலி. இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

திரையில் தெரியாத ஒன்றையும் சேர்க்கலாம். மேலிருந்து பார்க்கும்போது வெறும் பச்சையாகத் தெரியும் தோப்புக்குள் ஒரு மரங்கொத்தி கொத்தினால், அந்தப் பச்சைக்குள் ஏதோ வாழ்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கையில் இல்லாத ஒலியை எங்கிருந்து எடுப்பது

ஃப்ரீசவுண்ட் என்ற தளம் 2005இல் பார்சிலோனாவின் பொம்பெயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. உலகெங்கும் உள்ளவர்கள் தாங்கள் பதிவுசெய்த மழை, கதவு, கடல், சந்தை எல்லாவற்றையும் அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் தனி உரிமம் உண்டு. இறக்குவதற்கு முன் அதைப் படியுங்கள். உரிமங்களைப் பற்றி இசைப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கே புதியவர்கள் வழுக்கும் இடம் பறவைகள். ‘காலைப் பறவைகள்’ என்று போட்டுத் தேடினால் அழகான பதிவுகள் வரும். அவை வேறொரு கண்டத்துப் பறவைகளாக இருக்கலாம். பெரும்பாலானோருக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் பறவை ஆர்வலர் ஒருவர் பார்த்துவிட்டால் உங்கள் வீடியோ முழுவதையும் நம்பமாட்டார். அதேபோல் ஏரிக்குக் கடலலையை வைக்காதீர்கள். கடலலை எழும்பி, உடைந்து, நுரைத்துப் பின்வாங்கும். ஏரி நீர் கரையைச் சப்புக்கொட்டும். காது இரண்டையும் குழப்பிக்கொள்வதே இல்லை.

உயரம் காதுக்கும் தெரிய வேண்டும்

ட்ரோன் படத்துக்கு மட்டுமே உரிய சிக்கல் இது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். கேமரா தண்ணீரை ஒட்டிப் பறந்து, பிறகு 80 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. தண்ணீர்ச் சத்தம் அடியிலிருந்து முடிவரை ஒரே அளவில் கேட்டால், படம் ஏறுகிறது, காது தரையிலேயே நிற்கிறது. பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும்.

ஒரு சிறிய இடத்திலிருந்து வரும் ஒலி, தூரம் இரண்டு மடங்காகும்போது சுமார் 6 டெசிபல் குறையும். அதோடு, காற்று கீச்சென்ற உயர் ஒலிகளை முதலில் விழுங்கிவிடும். கனத்த ஒலிகள் நெடுந்தூரம் போகும். இடி அருகில் விழுந்தால் ‘படார்’ என்றும், தொலைவில் ‘குமுகுமு’ என்றும் கேட்பதற்கு ஒரு காரணம் அதுதான். இதையே மென்பொருளின் டைம்லைனில், அதாவது படமும் ஒலியும் நேர வரிசையில் அடுக்கியிருக்கும் பட்டையில், செய்யுங்கள். ட்ரோன் ஏறத் தொடங்கும் இடத்தில் தண்ணீர் ஒலியின் அளவைக் குறைத்துக்கொண்டே போங்கள். கூடவே கனத்த ஒலிகளை மட்டும் விட்டு உயர் ஒலிகளைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் ஒன்றைப் போட்டு, திறந்திருந்த மேல் அதிர்வெண்களை மெல்ல 4,000 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்குங்கள். அது தேயும்போது வேறொரு டிராக்கில் உயரத்துக் காற்றின் மெல்லிய ஓசையைக் கொண்டுவாருங்கள். பத்து நொடி ஏற்றத்தில் இந்தக் கைமாற்றம் நடந்தால், பார்ப்பவரின் வயிற்றில் லேசாக ஒரு கூச்சம் வரும். படம் மட்டும் அதைச் செய்யாது.

எவ்வளவு உண்மையாக இருக்க வேண்டும்? ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் செல்கிறது. 100 மீட்டருக்கு அப்பால் ஒருவர் கோடரியால் விறகு பிளக்கிறார் என்றால் சத்தம் 0.3 நொடி தாமதமாக வரும். நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள வீடியோவில் அது 9 ஃபிரேம். அப்படியே வைத்துப் பார்த்தேன். இயற்பியல் சரி, படம் தப்பு. யாரோ ஒலியைத் தவறாகப் பொருத்திவிட்டார்கள் என்றே தோன்றியது. இப்போது நான் இரண்டு ஃபிரேம் மட்டும் தள்ளி வைக்கிறேன்.

நேர் மேலிருந்து கீழே பார்க்கும் ஷாட்டுகளில் நான் ஏறக்குறைய எல்லா ஒலியையும் எடுத்துவிடுவேன். அந்தக் கோணம் யாருடைய கண்ணுக்கும் இயல்பானது அல்ல, வரைபடம் போன்றது. அங்கே அமைதிதான் பொருந்துகிறது.

இசையைத் தொடுவதற்கு முன் உரிமம்

சலிப்பான பகுதி என்று தாண்டிவிடாதீர்கள். ஒரு தளத்தில் ‘இலவசம்’ என்று போட்டிருந்த பியானோ இசையை எடுத்துப் பயன்படுத்தினேன். சில மாதங்களில் வீடியோவின் மீது உரிமைகோரல் வந்தது. ஆதாரம் காட்டலாம் என்று அந்தப் பக்கத்தைத் தேடினால் பக்கமே இல்லை. என்னிடமும் எந்தப் பதிவும் இல்லை. வேறு இசை போட்டு மறுபடி ஏற்றுவதைத் தவிர வழி இருக்கவில்லை. இப்போது இசைக் கோப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு உரைக்கோப்பு வைக்கிறேன்: தலைப்பு, கலைஞர், இணைப்பு, உரிமத்தின் பெயர், இறக்கிய தேதி, அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்.

புதியவர்கள் நம்பும் சில கதைகளைக் கலைத்துவிடுவோம். “30 நொடிக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பரவாயில்லை” என்பது தவறு. அப்படிப் பொதுவான விதி எதுவும் இல்லை. “பெயர் போட்டுவிட்டால் போதும்” என்பதும் தவறு. உரிமம் அனுமதித்தால்தான் போதும். ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று பொருள் அல்ல. ஒருமுறை உரிமம் பெற்றபின் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்றுதான் பொருள்.

பழைய செவ்வியல் இசை தொல்லையில்லாதது என்று நினைப்பவர்களும் உண்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1750இல் இறந்தவர். அவர் எழுதிய இசை இன்று யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதைச் சென்ற ஆண்டு ஓர் இசைக்குழு வாசித்துப் பதிவுசெய்திருந்தால் அந்தப் பதிவு அவர்களுக்குச் சொந்தம். இசையமைப்புக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. இரண்டையும் பார்க்க வேண்டும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2001இல் தொடங்கி, 2002இல் முதல் உரிமங்களை வெளியிட்டது. அந்த அமைப்பு இன்று தருபவற்றில் ‘சிசி ஜீரோ’ என்றால் நிபந்தனையே இல்லை. ‘பை’ என்றால் படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். ‘என்சி’ இருந்தால் வணிக நோக்கத்துக்குக் கூடாது. வீடியோவில் விளம்பர வருமானம் வாங்கும் எண்ணம் இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள். பலரும் கவனிக்காதது ‘என்டி’. மாற்றக் கூடாது என்பது அதன் நிபந்தனை. “நான் இசையை வெட்டவே இல்லையே, அப்படியேதானே போட்டேன்” என்று கேட்கலாம். இசையை ஓடும் படத்தோடு இணைப்பதே மாற்றியமைத்தல்தான் என்பது கிரியேட்டிவ் காமன்ஸின் விளக்கம். ஆகவே ‘என்டி’ இசை வீடியோவுக்கு ஆகாது. ‘எஸ்ஏ’ இருந்தால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டியிருக்கும்.

தொடங்குபவர்களுக்கு யூடியூப் ஆடியோ லைப்ரரி பாதுகாப்பான இடம். சமூக ஊடகச் செயலிகளுக்குள் இருக்கும் இசைப் பட்டியல் அந்தச் செயலிக்குள் மட்டும்தான் செல்லும். அங்கே போட்ட பாட்டோடு வீடியோவை இறக்கி வேறு தளத்தில் ஏற்றினால் அனுமதி கூடவே வராது.

யூடியூபின் கன்டென்ட் ஐடி, ஏற்றும் வீடியோவில் பிறருக்குச் சொந்தமான பாட்டோ படமோ இருக்கிறதா என்று பார்க்கும், 2007 முதல் இயங்கும் தானியங்கி ஒப்பீடு. அதிலிருந்து வரும் உரிமைகோரலும், சேனலின் மீதே விழும் எச்சரிக்கையான பதிப்புரிமை ஸ்ட்ரைக்கும் ஒன்றல்ல. உரிமைகோரல் வந்தால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோ தெரியாமல் போகலாம். பதறி சேனலையே அழித்துவிட வேண்டாம். உரிமம் கையில் இருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். மேலே சொன்ன உரைக்கோப்பு அப்போதுதான் வேலைக்கு வரும்.

தாளத்தோடு படத்தைப் பொருத்துவது

இசையைப் படம் வெட்டி முடித்த பிறகு தேடாதீர்கள். முதலில் இசை, பிறகு கட். ட்ரோன் ஷாட்டுகள் நீளமானவை; இரண்டு நொடி முன்னோ பின்னோ வெட்டினாலும் படத்துக்குச் சேதமில்லை. இசையை அப்படி வெட்ட முடியாது.

தேர்ந்தெடுக்கும்போது படத்தின் அசைவை மட்டும் பாருங்கள், காட்சியின் பிரம்மாண்டத்தைப் பார்க்காதீர்கள். மலை பெரியதுதான், ஆனால் கேமரா மெல்லத்தான் நகர்கிறது. மெல்ல நகரும் படத்துக்கு வேகமான இசை போட்டால் படம் இழுப்பதுபோல் தோன்றும்.

ஒரு 80 நொடி வீடியோவை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். இசையின் வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு என்று வைத்துக்கொள்வோம். (தெரியாவிட்டால் 15 நொடிக்குத் தாளம் போட்டு எண்ணி நான்கால் பெருக்குங்கள்.) 60ஐ 80ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 0.75 நொடி. நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று 3 நொடி. இசை பெரும்பாலும் நான்கு சுற்றுக்கு ஒருமுறை ஒரு வாக்கியத்தை முடிக்கும். அது 12 நொடி. முதல் 8 நொடியை இயற்கை ஒலிக்கு விட்டுவிட்டு 8ஆம் நொடியில் இசையைத் தொடங்கினால், வாக்கியங்கள் 20, 32, 44, 56, 68ஆம் நொடிகளில் திரும்பி, 80இல் முடியும். டைம்லைனில் இந்த இடங்களில் மார்க்கர் போடுங்கள். கட் செய்ய வேண்டிய இடங்கள் தானாகத் தெரிந்துவிட்டன.

இப்போது படம். தண்ணீரை ஒட்டிப் பறக்கும் ஷாட் 20 வரை ஓடட்டும். அதன் நடுவில், 8இல், இசை காலெடுத்து வைக்கிறது. 20இல் மரவரிசையை நோக்கி ஏறும் ஷாட். மரங்களுக்குப் பின்னால் மலை முழுதாக வெளிப்படும் கணம் சரியாக 32இல் விழும்படி அந்த ஷாட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அங்கே கட் தேவையில்லை. மலை தெரிவதே தாளத்தின் மேல் விழும் அடி. மலையையே பார்த்தபடி 44 வரை விட்டுவிடுங்கள். 44இல் நேர் மேலிருந்து ஒரு படகு. இசையைச் சற்றுத் தணித்துத் துடுப்பின் சத்தம் ஒன்றே ஒன்று. ஒலியை எடுத்துவிடுவேன் என்று சொன்னதற்கு இது மட்டும் விலக்கு. 56இல் மறுபடி அகன்ற காட்சி, 68இல் கரைக்குத் திரும்புதல். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கட் என்று வெட்டினால் ட்ரோன் படம் விளம்பரத் துண்டு ஆகிவிடும். ஒன்றரை நிமிடத்துக்கு ஐந்தாறு கட் ஏராளம்.

இசையை முடிப்பதில் ஒரு தந்திரம் உண்டு. பாட்டு மூன்று நிமிடம், வீடியோ 80 நொடி என்றால் பலரும் 80இல் ஒலியைக் குறைத்து அணைத்துவிடுகிறார்கள். பேசிக்கொண்டிருப்பவரின் முகத்தில் கதவைச் சாத்துவது போல. அதற்குப் பதில் பாட்டின் உண்மையான கடைசிப் பகுதியை வெட்டி எடுத்து, அதன் இறுதிச் சுரம் வீடியோவின் முடிவில் விழும்படி பின்னாலிருந்து பொருத்துங்கள். தொடக்கத்தை முன்னாலிருந்து வையுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தை ஒரு வாக்கியத்தின் முடிவில், தட்டின் மேல், ஒன்று தேயும்போதே மற்றது எழும் மிகச் சிறிய கிராஸ்ஃபேடால் ஒட்டுங்கள். நடுவில் இரண்டு நிமிடம் காணாமல் போனது யாருக்கும் தெரியாது.

கலவை

எடிட்டிங் மென்பொருள் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேடென்லைவ், ஷாட்கட் எதுவானாலும் இதற்குப் போதும். நான்கு டிராக்குகள் வையுங்கள்: சூழல் ஒலி, சிறு ஒலிகள், இசை, தேவைப்பட்டால் குரல். இரண்டு ஒலிகளை ஒரே டிராக்கில் திணிக்காதீர்கள். பிறகு ஒன்றைத் தனியே குறைக்க வழியிருக்காது.

அளவுகளை எண்ணால் சொல்வது ஆபத்துதான், ஆனாலும் தொடங்க ஓர் இடம் வேண்டுமே. குரல் இருந்தால் அதன் உச்சம் மைனஸ் 6 முதல் மைனஸ் 12 டெசிபலுக்குள். குரலுக்கு அடியில் இசை மைனஸ் 20ஐ ஒட்டி. சூழல் ஒலி அதற்கும் கீழே. சூழல் ஒலியின் அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி: அதை மட்டும் சட்டென்று அணையுங்கள். அணைத்தது தெரிகிறது, ஆனால் இருக்கும்போது கவனத்தை இழுக்கவில்லை என்றால் சரியான அளவு. சூழல் ஒலிப் பதிவுகளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டிவிடுங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் காற்றின் உறுமலும் தூரத்து வண்டிகளும்தான்.

ஒலியைப் படத்தின் கட்டிலேயே வெட்ட வேண்டும் என்று சட்டமில்லை. அடுத்த ஷாட்டின் ஒலியை ஒரு நொடி முன்னாலேயே நுழையவிடுங்கள். காடு இன்னும் திரையில் இருக்கும்போதே அலைச் சத்தம் மெல்லக் கேட்கிறது. பிறகு கடல் தெரிகிறது. எடிட்டர்கள் இதை ஜே-கட் என்பார்கள். துண்டாக நிற்கும் ட்ரோன் ஷாட்டுகளை ஒரே பயணமாக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒவ்வொரு ஒலித் துண்டின் தலையிலும் வாலிலும் ஒலி மெல்ல எழுந்து மெல்லத் தேயும்படி இரண்டு மூன்று ஃபிரேம் ஃபேட் போடுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய இடத்தில் ‘டப்’ என்று ஒரு சொடுக்கு கேட்கும்.

ஸ்லோ மோஷனில் ஓட்டிய ஷாட்டுக்கு ஒலியையும் மெதுவாக்காதீர்கள். பறவை சிறகடிப்பது மெதுவானால், ஒலியைச் சாதாரண வேகத்தில், குறைவாக வையுங்கள், அல்லது இசைக்கு விட்டுவிடுங்கள். மெதுவாக்கிய பறவைக் குரல் பேய்ப்படத்துக்குத்தான் ஆகும்.

வெளியே அனுப்புவது

மொத்த ஒலி அளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) அருகில், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். அதைவிட உரக்க ஏற்றினால் யூடியூப் தானே குறைத்துவிடும். தாழ்வாக ஏற்றினால் அது தூக்கிவிடாது. அமைதியான ஏரி வீடியோ மைனஸ் 18இல் இருந்தாலும் குற்றமில்லை. எண்ணைப் பிடிக்கப் போய் ஏரியைக் கத்த வைக்காதீர்கள். ஒலி வடிவம் ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, 384 கிலோபிட், அவ்வளவுதான்.

ஏற்றுவதற்கு முன் மூன்று முறை கேளுங்கள். ஹெட்ஃபோனில் ஒருமுறை, சொடுக்குகளும் தேவையற்ற மூச்சுச் சத்தமும் அதில்தான் அகப்படும். கைபேசியின் ஸ்பீக்கரில் ஒருமுறை. கனத்த ஒலிகளை அந்தச் சின்ன ஸ்பீக்கர் விழுங்கிவிடும் என்பதால், தூரத்து இடியையோ பேஸ் கிட்டாரையோ நம்பி நீங்கள் கட்டிய இடங்கள் அங்கே வெறுமையாக இருக்கும். அந்த இடங்களில் நடுத்தர அதிர்வெண்ணில் ஏதாவது ஒன்றைச் சேருங்கள்.

மூன்றாவது முறை திரையை அணைத்துவிட்டு, வீடியோவைப் பார்க்காத ஒருவரிடம் ஹெட்ஃபோனைக் கொடுங்கள். எங்கே இருப்பதாகத் தோன்றுகிறது, எப்போது மேலே ஏறினோம் என்று கேளுங்கள். நான் கொடுத்த நண்பர், 20ஆம் நொடியைத் தாண்டியதும் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் லேசாகப் பின்னால் சாய்த்தார்.